மாரியின் இடது கண்

கோயம்புத்தூர்
20.1.2024

அன்புத் தங்கை ஜோதிக்கு,

அண்ணன் மோகன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி தமிழ்மதியும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? பொங்கலுக்கு வருவாய் என்று தமிழ்மதி உனக்கும் சேர்த்தே கரும்பு வாங்கிவைத்திருந்தாள். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் வருகிறது. அதனால்தான் பழையபடி காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. ஜூலை கடைசியில் மதுரையில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். பழைய சிறுவர் சிரிப்புப் படக்கதைகளும் அவற்றின் மூல ஓவியங்களும். என்னைப்போலச் சேகரிப்பவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். திண்டுக்கல்லிலேயே பேகம்பூரில் தோல் பை கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது இருக்கிறார். அப்பா வரைந்த ‘பொரிகடலை’ சிறுவர் இதழ் ஒன்றுக்காக வத்தலக்குண்டு பழைய பேப்பர் கடையில் ஒரு நாள் முழுக்க மூட்டைகளைப் பிரித்தவர் அவர்.

எல்லாரிடமும் அச்சான இதழ்கள்தான் இருக்கின்றன. அப்பா கையால் வரைந்த ‘மாறுகண் மாரி’ பக்கங்கள் நம் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. ‘பொரிகடலை’ அச்சகத்தை மூடியபோது திருப்பிக் கொடுத்தவை. அவற்றைக் கண்காட்சியில் வைத்து, அப்படியே புத்தகமாகவும் போட ஆசை. பெட்டியை மெதுவாக இறக்கு. எண்ணெய்க் கையோடு தொடாதே. செல்லோ டேப் ஒட்டாதே.

என் வலது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறதாம். பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
மோகன்குமார்


திண்டுக்கல்
18.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதிக்கொண்டது. நான் நலம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கரும்புக்கு நன்றி சொல்லுங்கள். கல்லூரியில் தேர்வு வேலை இருந்தது. வராததற்கு அது மட்டும் காரணமில்லை.

போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் ‘சரி’ என்கிறேன். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம்வரை எல்லாமே அப்படித்தான் முடிவானது. கடிதம் என்றால் என் முறை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். எனக்கு இது வசதியாக இருக்கிறது.

தண்ணீர் லாரிக்காரரைக் கெஞ்சிப் பெட்டியை இறக்கிவிட்டேன். இன்னும் திறக்கவில்லை.

புத்தகத்தின் தலைப்பு ‘மாறுகண் மாரி’ என்றே இருக்கப்போகிறதா?

அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு
நாகஜோதி


கோயம்புத்தூர்
24.2.2024

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு. வெயில் இப்போதே ஏறிவிட்டது, மோர் குடி.

தலைப்பை எப்படி மாற்றுவது? சேகரிப்பவர்களுக்கு அது ஒரு பெயர் மட்டும் இல்லை. நாங்கள் சந்தித்துக்கொண்டால் வணக்கம்கூடச் சொல்வதில்லை. ‘ஏ மாரி, எந்தப் பக்கம்டி பாக்குற?’ என்று ஒருவர் கேட்பார். ‘ரெண்டு பக்கமும்தான் மாமா’ என்று மற்றவர் சொல்வார். அவ்வளவு பிரியம். அந்தக் கதைகளில் கெட்டவன் ஒருவன்கூடக் கிடையாது. ஒரு குழந்தை, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது, ஊரே சிரிக்கிறது. இன்று யாருக்கு வருகிறது அந்த வெள்ளை மனசு?

மாரி யார் என்பது யாருக்கும் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. ஆனால் சொன்னால் எவ்வளவு சிறப்பாக இருக்கும் என்று யோசித்துப் பார். ‘மாரி பேசுகிறாள்’ என்று நீயே ஒரு முன்னுரை எழுதலாம். பேராசிரியை எழுதினால் மதிப்பு கூடும். நீயும்தான் அன்று சிரித்தாயே.

கண் டாக்டர் ஆகஸ்டுக்குள் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். பெட்டியைத் திறந்ததும் எழுது.

அண்ணன்
மோகன்


திண்டுக்கல்
31.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் இருவரின் நலத்தையும் விரும்புகிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம், பெட்டியைத் திறக்கத் தாமதமானது.

மாரி யார் என்று யாருக்கும் தெரியாது என்கிறீர்கள். உங்கள் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். திண்டுக்கல்லில் என்னோடு படித்த எல்லாருக்கும் தெரியும். வருகைப் பதிவில் டீச்சர் நாகஜோதி என்று கூப்பிட்டால், பின் பெஞ்சிலிருந்து மாரி என்று திருத்துவார்கள். சில நாள் டீச்சரும் சிரித்துவிடுவார். நானும் சிரித்தேன் என்பது உண்மைதான். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்கள்.

இனி பெட்டி. கரையான் இல்லை. காகிதம் பழுத்திருக்கிறது, ஒடியவில்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்திருக்கிறது.

அப்பா வேலை செய்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். எந்த முகமானாலும் முதலில் கண்களை நேராகத்தான் வரைவார். பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியரின் பழக்கம். ‘மொதல்ல ஒழுங்கா வரையணும், பெறகுதான் கோணல் பண்ணணும்’ என்பார். மாரியின் முகத்தை நேர்க்கண்களோடு மையில் முடித்துவிட்டு, இடது கண்மணிமேல் வெள்ளைச் சாயம் வைத்து மறைப்பார். அது காய்ந்ததும் அதன் விளிம்பிலேயே, மூக்கை ஒட்டி, புதிய கண்மணி வைப்பார். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார். ‘ஆத்தா ஜோதி, செத்த நேரம் அப்பாவப் பாரு.’ நான் பார்ப்பேன். அவர் என் கண்ணைப் பார்த்து அந்தப் புள்ளியை வைப்பார்.

சாயம் தீர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீர் நிறைய கலப்பார் அல்லவா? இத்தனை கோடையும் பரண் சூட்டில் கிடந்து அந்த வெள்ளை வெடித்து உதிர்ந்துவிட்டது. அதன்மேல் இருந்த கண்மணியும் அதோடு போய்விட்டது. அநேகமாக எல்லாப் பக்கங்களிலும் மாரி நேராகப் பார்க்கிறாள். பெட்டியின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் கிடந்தது. துடைத்துவிட்டேன்.

அகரத்துக் கல்யாணப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். சித்தி மகள் கல்யாணப் பந்தியில் நான் இரண்டு இலைக்கு நடுவே ரசத்தை ஊற்றியதையும், வீட்டுக்கு வந்ததும் நீங்கள் அதை அப்பாவிடம் நடித்துக் காட்டியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பா அன்று சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வரைந்துவிட்டார். இப்போது கண் நேரான பிறகு அந்தப் பக்கத்தில் சிரிப்பு இல்லை. ரசத்தைத் தரையில் ஊற்றிவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் குழந்தை. சுற்றிலும் பல் தெரியச் சிரிக்கும் பெரியவர்கள். அவ்வளவுதான்.

பக்கங்களைத் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கண்களை இப்போது இருக்கிறபடியே விட வேண்டும். கண்காட்சியிலும் புத்தகத்திலும்.

உங்கள் கண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நாகஜோதி


கோயம்புத்தூர்
4.4.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் கடிதத்தை மதிக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நிபந்தனையா? நமக்குள் என்ன நிபந்தனை? மூல ஓவியத்தில் கை வைப்பவன் சேகரிப்பாளனே இல்லை. ஒரு கோட்டைக்கூடத் தொட மாட்டேன், இது அப்பா மேல் சத்தியம். சில பக்கங்களிலாவது பழைய கண் தப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

முன்னுரையை மறந்துவிடாதே. சித்திரை பிறந்ததும் சாகுல் வந்து பக்கங்களை வாங்கிக்கொள்வார். நல்ல மனிதர், பயப்படாமல் கொடுக்கலாம்.

அன்புடன்
அண்ணன் மோகன்


திண்டுக்கல்
5.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இங்கே காற்றே அனலாக இருக்கிறது. அங்கும் அப்படித்தான் என்று செய்தியில் பார்த்தேன். அண்ணியை மதியத்தில் வெளியே அனுப்ப வேண்டாம்.

சாகுல் ஹமீது நேற்று வந்து பக்கங்களை வாங்கிப் போனார். அவற்றை வைப்பதற்காகவே தோலில் ஒரு பெரிய உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார். கையுறை போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை எடுத்தவர், ‘இது மாரி மாதிரியே இல்லையேக்கா’ என்றார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதில் நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

‘அக்கா, இது நீங்கதான?’

‘டீ ஆறுது சாகுல்’ என்றேன்.

அதன்பிறகு அவர் பக்கங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக உறையில் வைத்தார். படியிறங்கும்போது, சின்ன வயதில் தங்கள் தெருவிலும் ஒரு பிள்ளையை அப்படிக் கூப்பிட்டதாகச் சொன்னார். பிறகு எங்கே கட்டிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லையாம்.

முன்னுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். முதல் இரண்டு பத்திகள் அப்பா வரைந்த விதம் பற்றியவை. கடைசிப் பத்தியில் இருப்பது இவ்வளவுதான்: மாறுகண்ணை ஏழு வயதுக்குள் திருத்தினால் பார்வையைக் காப்பாற்றலாம் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். அங்கே அந்த அறுவை சிகிச்சை இலவசம். வளர்ந்தால் தானே சரியாகும் என்று அப்பா தள்ளிப்போட்டார். மாரி அந்த வருடங்களில் இதழில் வந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் போய் என் சம்பளத்தில் நான் செய்துகொண்டபோது கண் நேரானது, பார்வை வரவில்லை. இன்றும் எனக்கு ஒரு கண்தான்.

யாரையும் திட்டவில்லை. ஒரு சொல்லும் அதிகமில்லை. வெட்டுவதற்கும் எதுவுமில்லை.

நாகஜோதி


கோயம்புத்தூர்
22.6.2024

அன்புள்ள ஜோதிக்கு,

நலம்தானே? காய்ச்சல் ஏதும் இல்லையே? இங்கே மழை தொடங்கி மதிக்குச் சளி. எனக்கு வழக்கமான முதுகுவலி. உனக்குச் சர்க்கரை பரிசோதனை செய்து எவ்வளவு நாளாகிறது? நம் வம்சத்தில் உண்டு, மறக்காதே. உங்கள் கல்லூரியில் புது வகுப்பு தொடங்கிவிட்டதா? வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெண்ணைப் பற்றி முன்பு சொன்னாயே, அவள் தேறினாளா?

கண்காட்சி வேலை மும்முரமாக நடக்கிறது. மண்டபம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடங்களிலிருந்து பேருந்து வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம்.

முன்னுரை அருமை. கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். சிரிப்புப் புத்தகத்தில் ஆஸ்பத்திரி எதற்கு என்று நண்பர்கள் எல்லாருமே சொன்னார்கள். அப்பா உயிரோடு இல்லை, பதில் சொல்ல முடியாது. நீ பெரிய மனசோடு எடுத்துக்கொள்வாய் என்று தெரியும். அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த நெருக்கடி உனக்கும் தெரியும்.

மதி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்
மோகன்


திண்டுக்கல்
26.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சர்க்கரை இல்லை. அந்தப் பெண் தேறிவிட்டாள். அண்ணிக்குச் சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இலவசமாகச் செய்யும் ஆபரேஷனுக்கு என்ன நெருக்கடி என்று கேட்கப்போவதில்லை. முன்னுரை முழுவதையும் எடுத்துவிடுங்கள். அரைகுறையாக என் பெயரில் வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எல்லாருடைய உடல்நிலையும் இருக்கிறது. மாரியின் கண் மட்டும் இல்லை. அது இருந்தபடியே இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

நாகஜோதி


பேகம்பூர், திண்டுக்கல்
1.8.2024

மரியாதைக்குரிய ஜோதி அக்காவுக்கு,

சாகுல் ஹமீது எழுதுவது. நானும் வீட்டில் நஸீராவும் பிள்ளைகளும் இறைவன் கிருபையால் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு எட்டு வந்து சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை கண்காட்சியைத் திறந்தோம். நான் முதல் நாள் மாலையே போயிருந்தேன். மாரி பக்கங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லாம் பழையபடி மாறுகண்ணாக இருந்தது அக்கா. கோயம்புத்தூரில் ஒரு ஓவியரை வைத்து வெள்ளை பூசி, அச்சான இதழைப் பார்த்துக் கண்மணியை அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். சுத்தமான வேலை. எந்தப் பக்கத்தையும் விடவில்லை.

நீங்கள் அன்று சொல்லியிருந்ததால் நான் அண்ணனிடம் கேட்டேன். ‘அக்காட்ட சத்தியம் பண்ணீங்களேண்ணே’ என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘கண்ணு நேரா இருந்தா மாரின்னு யாருக்குய்யா தெரியும்? இம்புட்டுப் பேரு எதுக்கு வாராங்க? எங்க வீட்டுப் பிள்ளையப் பாக்கவா?’

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பி வந்துவிடவும் இல்லை. மாலை ஏழுவரை அங்கேயேதான் நின்றேன். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதிவரை உண்டு. போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

துஆவுடன்
சாகுல்


கோயம்புத்தூர்
20.8.2024

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் ஜூன் மாதக் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. வேலை அப்படி. சாகுல் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர்.

கண்காட்சி நாங்கள் நினைத்ததைவிடப் பெரிதாக நடந்தது. மாரியின் முன்னால்தான் கூட்டம். பிள்ளைகள் கண்ணை மூக்குப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நின்று படம் எடுத்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அப்பா இருந்திருக்கலாமே என்று இருந்தது.

கண் விஷயத்தில் நீ வருத்தப்படலாம். நான் புதிதாக எதையும் வரையவில்லை ஜோதி. வெள்ளை பூசியவர் அப்பா, கண்ணை அங்கே வைத்தவரும் அப்பா. உதிர்ந்தது பழுது. பழுதைச் சரிசெய்வது சேகரிப்பவனின் கடமை. அப்பா விரும்பிய கண் எது என்று நீயே நினைத்துப் பார்.

சென்னையில் ஒருவர் பக்கங்களைத் தனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்கிறார். உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன். வேண்டாம் என்றால் உனக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கண்காட்சி முடியட்டும் என்று என் கண் ஆபரேஷனைத் தள்ளிவைத்தேன். இப்போது புத்தக வேலை. தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். இரவில் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, நானே மாரி ஆகிவிட்டேன் என்று மதி கேலி செய்கிறாள்.

கோபப்படாமல் எழுது.

அண்ணன்
மோகன்


திண்டுக்கல்
15.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு நானும் வந்திருந்தேன். சாகுல் வேண்டாம் என்றார், அதனால் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தேன். நீங்கள் மேடைக்குப் பக்கத்தில் யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். தொந்தரவு செய்யவில்லை. சாகுல் சொன்னது சரி, சுத்தமான வேலை. அப்பா ஒவ்வொரு பக்கத்துக்கும் என்னைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் ஓவியருக்கு நான் தேவைப்படவில்லை.

அகரத்துக் கல்யாணப் பக்கத்தின் முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களில் ஒரு சிறு பெண்ணை மற்றவர்கள் முன்னால் தள்ளினார்கள். படத்துக்கும் அவளுக்கும் மாறி மாறிக் கை நீட்டினார்கள். அவள் இடது கண் மூக்கை ஒட்டி இருந்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பிள்ளைகளோடு துணைக்கு வந்திருந்த அவள் அம்மா ஓடி வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

நான் பின்னாலேயே போனேன். வாசலில் அவளிடம் பேசினேன். பெயர் ஜக்கம்மாள், ரெட்டியார்சத்திரம் பக்கம், பூ விவசாயம். பிள்ளைக்கு ஆறு முடியப்போகிறதாம். ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கிறது, காசு கிடையாது, இப்போதே போனால் பார்வை தப்பும் என்றேன். என் கண்ணைக் காட்டினேன். நேராக இருக்கிறதே என்றாள். நேராக இருக்கிறது, தெரியாது என்றேன்.

‘வளந்தா சரியாப் போயிரும்னு இவுக அப்பா சொல்றாக டீச்சர்.’

உங்கள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பெயரையும் வழியையும் எழுதிக் கொடுத்தேன். போனாளா, தெரியாது. முன்பக்கத்தில் மாரியின் படம் இருந்ததால் அதை வழியிலேயே எறிந்தும் இருக்கலாம்.

அப்பா விரும்பிய கண் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இருந்தவரை நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை. என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது. அவர் சொல்லியிருக்கக்கூடிய பதிலை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

பக்கங்களைச் சென்னைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். நான் தந்தவை அவை இல்லை. பெட்டியில் இப்போது குளிர்காலப் போர்வைகளை வைத்திருக்கிறேன்.

இனி அடிக்கடி எழுத நேரம் இருக்காது. அண்ணியின் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது, கீழ்வீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். இரவில் நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம். உங்கள் கண்ணைத் தைவரை தள்ளிப்போட வேண்டாம் அண்ணா. இந்த வாரமே போய்ச் செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு
நாகஜோதி